சேரி என்ற சொல்லைத் தேடி

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை வரலாற்று ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார்கள். அப்படிப் பட்டம் எதுவும் எனக்கு இல்லை. நான் ஓய்வுபெற்ற தபால்காரன். இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து, அந்தக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளில் கடிதம் கொடுத்தவன். ஊர் ஊராகப் போவது என் வேலை. போன ஊரில் பழைய கல் எங்கே கிடக்கிறது, கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, இந்த ஏரியை யார் வெட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டே திரிவது என் பைத்தியம். பள்ளிக்கூட நாளில் பிடித்தது. அறுபத்தெட்டு வயதாகியும் விடவில்லை.

இன்றைக்கு உங்கள் கைபேசிகளில் வரலாறு நிறையவே ஓடுகிறது. ஒரு கல்வெட்டைக் காட்டுகிறார்கள், பின்னணியில் மேளம் முழங்குகிறது, "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று முடிகிறது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சோழன் கிடைத்துவிட்டான். வரலாற்றில் ஆர்வம் உள்ள இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள் என்று மகிழ்வதா, அந்த ஆர்வம் போய்ச் சேருகிற இடத்தைப் பார்த்துக் கவலைப்படுவதா என்று தெரியவில்லை. அதனால்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன். ஊர் வரலாற்றைத் தேடிப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லப் போகிறேன். அந்தச் சொல் 'சேரி'.

ஏன் அந்தச் சொல்? தபால்காரனுக்கு முகவரிதான் உலகம். ஒரு கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. முகவரியில் 'மேட்டுத் தெரு' என்றிருந்தால் ஒரு சாதி. 'காலனி' என்றிருந்தால் இன்னொரு சாதி. வேலைக்கு விண்ணப்பித்த பையனுக்கு நேர்காணல் கடிதம் வரும். அவனுடைய சாதியை அனுப்பியவரும் அறிவார், பிரித்து அடுக்கியவரும் அறிவார், கொண்டுபோய்க் கொடுக்கும் நானும் அறிவேன். சேரி என்றிருந்தது காலனி ஆயிற்று. அந்தக் காலனியும் வசைச் சொல் ஆகிவிட்டது என்பதால், அதை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த ஓட்டம் எங்கே தொடங்கியது என்று தேடியதில்தான் என் ஊர்சுற்றல் பெரும்பகுதி கழிந்தது.

முதலில் ஒரு நீண்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில், அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் முடிவு வெளியானது. 15 இலட்சம் ஆண்டு! அந்தச் செம்மண்ணில் நின்று ஒரு கல்லைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த மண்ணில் மனித இனம் வாழ்ந்த காலத்தை ஒரு முழு நாள் என்று வைத்துக்கொண்டால், சாதி இருந்த காலம் கடைசி மூன்று நிமிடம்கூட வராது. "தொன்றுதொட்டு வருவது" என்று யாராவது சாதிக்கு வக்காலத்து வாங்கினால் அவரை அத்திரம்பாக்கத்துக்கு அழைத்துப் போங்கள்.

இப்போது சேரிக்கு வருவோம்.

உத்திரமேரூருக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதைச் சொன்னார். உலகுக்கே நாங்கள் ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம் என்பதற்கு இதுதான் சாட்சியாம்.

கல்வெட்டைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஊர் 30 குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்கிறார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இவையெல்லாம் நல்ல விதிகள்தான். இன்றைய உள்ளாட்சி மன்றங்களுக்கும் வேண்டும்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகும்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும். இது பார்ப்பனர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அதன் சபையும் அவர்களுடைய சபைதான். அந்த ஊரின் கழனியில் நாற்று நட்டவருக்கும், ஏரியில் மண் சுமந்தவருக்கும் ஓலை இல்லை, குடம் இல்லை. பெண்களுக்கும் இல்லை. தேர்தல் முறை இருந்தது உண்மை. அது யாருக்கு இருந்தது என்பதையும் அந்தச் சுவரே சொல்கிறது. நாம் முழுவதையும் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே கல்வெட்டில் இன்னொன்று இருக்கிறது. ஊரின் 'பன்னிரண்டு சேரி' என்று வருகிறது. இவை யாருடைய சேரிகள்? அந்தப் பார்ப்பனக் குடியிருப்பின் தெருக்கள்! முதன்முறை இதைப் படித்தபோது எழுத்து எழுத்தாகத் திரும்பப் படித்தேன். ஆம், சேரிதான். சேர்ந்து வாழும் இடம் சேரி. புதுச்சேரி, வேளச்சேரி என்று எத்தனை ஊர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக்கு வெளியே முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் புறஞ்சேரி என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் ஒரு வேதியர், "நான் இன்ன சேரிக்காரன்" என்று தயங்காமல் சொல்லியிருப்பார்.

அப்படியானால் அந்தச் சொல்லின் மீது தீட்டு எப்போது ஒட்டியது? இதற்கு நம் மாவட்டத்தைத் தாண்டி ஒருமுறை தஞ்சாவூர் போக வேண்டும்.

பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் சுவர்க் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி கிடையாத நிலம் எது என்று கணக்கு. வரியில்லாத பகுதிகளை வரிசையாகச் சொல்கிறார்கள்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே எழுதியிருக்கிறது. சில இடங்களில் சுடுகாடு தனியாகவும் பறைச்சுடுகாடு தனியாகவும் வருகின்றன. அவதூறு செய்யும் நோக்கத்தில் யாரும் இதை எழுதவில்லை. நில அளவைக் கணக்கு எழுதியவர், கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். ஊர் வேறு, சேரி வேறு. செத்த பிறகும் வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது நிர்வாக நடைமுறை ஆகிவிட்டது.

தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விசயநகரம்தான் காரணம், தமிழ் மன்னர்கள் காலத்தில் இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் அந்தச் சுவர் ஒரே பதிலைத் தருகிறது.

பெரிய கோயிலைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே பத்து முறைக்கு மேல் போயிருக்கிறேன். அந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலித்தாலும் கண் இறங்காது. அந்தக் கல்லைச் சுமந்தது யார் தோள், செதுக்கியது யார் கை என்று எண்ணிப் பார்க்கும்போது அது இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. கல்வெட்டு படிக்கப் பழகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான் என்ற புகழுரை. கைபேசிக் காணொளிகள் அத்துடன் நின்றுவிடுகின்றன. மெய்க்கீர்த்தி முடிந்த பிறகுதான் ஊர் தொடங்குகிறது. யார் நிலத்தை யார் விற்றார், எவ்வளவு வரி, யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. அங்கிருந்து படியுங்கள்.

அப்படிப் படித்தால் ஆண்ட பரம்பரைக் கதை தானாகவே ஆட்டம் காணும். இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன். திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201ஆம் ஆண்டு. பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாத ஒரு வேளாளர், தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கே விற்றுக்கொள்கிறார். மேல்சாதி என்று இன்று நெஞ்சை நிமிர்த்தும் குடிகளிலும் ஒரு மழை பொய்த்தால் அடிமையாகும் நிலையில் மக்கள் இருந்திருக்கிறார்கள். அரசனும் கோயிலும் அவர்களுக்கு உறவுக்காரர்கள் அல்ல, விலை கொடுத்து வாங்கியவர்கள்.

இன்னொன்று கொங்கு நாட்டில். கரூர், பேரூர் முதலிய இடங்களில் கம்மாளர்களுக்கு அரசன் கொடுத்த உரிமைகளைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. நல்லது கெட்டதற்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவை அரசாணையாக வர வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு இவை மறுக்கப்பட்டிருந்தன என்றுதானே பொருள்? ஊருக்கெல்லாம் கோயில் கட்டியவன், நகை செய்தவன், ஏர் செய்தவன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசனிடம் அனுமதி வாங்கியிருக்கிறான். உரிமை பெற்றவருக்கே இந்த நிலை என்றால், அந்த ஆணையில்கூட இடம்பெறாதவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். கோயிலின் வெளிச்சுவர்க் கல்வெட்டைப் படித்துக்கொண்டு நிற்பேன். யாராவது வருவார்கள். "என்னப்பா பண்ற?" என்பார்கள். சொல்வேன். "ஓ, படிக்கத் தெரியுமா!" என்று வியப்பார்கள். மோர் கொண்டுவரச் சொல்வார்கள். அதற்குள் அடுத்த கேள்வி வரும்: "சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" நான் தெருவைச் சொன்னதும் மோர் வராமலே போன ஊர்கள் உண்டு. வந்தும், கொடுத்த டம்ளரை நானே கழுவி வைக்க வேண்டியிருந்த ஊர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தைச் சுவரில் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பொருளை உயிரோடு ஒருவர் எதிரில் வந்து விளக்கிவிட்டுப் போவார். உள்ளூர் வரலாறு என்பது முடிந்துபோன சங்கதி இல்லை என்று எனக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்தான்.

மீண்டும் நம் பக்கத்துக்கு வருவோம். மாமல்லபுரம். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எத்தனையோ நாட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வழிகாட்டிகள் மகேந்திரன் என்பார்கள், மாமல்லன் என்பார்கள், இராசசிம்மன் என்பார்கள். உளி பிடித்தவன் பெயர் என்ன என்று கேளுங்கள். அதற்கும் விடை இருக்கிறது. கடற்கரைக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பூஞ்சேரி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பாறையில் பல்லவர் காலத்துத் தச்சர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன். இப்படி இன்னும் சில பெயர்கள். அரசன் பெயரைப் பொறித்து அலுத்த கைகள், யாரும் அதிகம் பார்க்காத ஒரு பாறையில் தங்கள் பெயரையும் பொறித்திருக்கின்றன.

பூஞ்சேரி. அதுவும் சேரிதான், கவனியுங்கள். அந்தப் பூஞ்சேரி 2021இல் செய்தியில் வந்தது. கோயில் அன்னதானத்தில் உட்கார விடவில்லை என்று நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவி, அந்த ஆண்டு நவம்பரில் முதலமைச்சர் அங்கே போய் வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் கொடுத்தார். பாறையில் பெயர் வெட்டி 1,300 ஆண்டு. அதே ஊரில் மனைக்குப் பட்டா வாங்க ஒரு பெண் நாடறியக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பூஞ்சேரியில்தான் திரும்புகிறார்கள். ஒருமுறை அங்கே இறங்குங்கள்.

மனை என்றதும் கல்லிலிருந்து காகிதத்துக்கு வர வேண்டும். ஊர் வரலாற்றில் கல்வெட்டு பாதி. மீதிப் பாதி தாலுக்கா அலுவலகத்தில் இருக்கிறது.

செங்கல்பட்டுப் பகுதி மிராசு முறை வேரோடியிருந்த பகுதி. ஊர் நிலத்தின் மீது மட்டுமல்லாமல், சேரி இருந்த மனையின் மீதும் மிராசுதார் உரிமை கொண்டாடினார். பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் வேலை போகும். கூடவே குடிசையும் போகும். தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு சேரிக்காரர் அரசிடம் மனுப் போட்டால், "எங்களுக்குத்தான் முன்னுரிமை" என்று மிராசுதார் வந்து நிற்பார். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். நிலமும் இல்லை, நிற்கும் மனையும் சொந்தமில்லை, கடனில் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள், ஒரு துண்டு நிலமாவது கிடைத்தால்தான் இவர்கள் நிமிர முடியும் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்ற நிபந்தனையுடன் மாகாணம் முழுவதும் நிலம் வழங்கப்பட்டது. 12 இலட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் இன்று எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு முரண். அந்தக் காலத்தில் ஊர் எல்லைத் தகராறு வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? எட்கர் தர்ஸ்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பறையரைத்தான். தலையில் தண்ணீர்க் குடத்துடன் அவரை நடக்கச் சொல்வார்கள், அவர் நடந்த தடமே எல்லை. எந்த ஊரின் எல்லை எது என்று நுணுக்கமாக அறிந்தவர், ஒரு சென்ட் நிலமும் இல்லாதவராக இருந்தார்.

மாமல்லபுரத்திலிருந்து வெகு தூரமில்லை காரணை. அங்கே பஞ்சமி நில மீட்புக்காக எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் விட்டார்கள். அந்தப் பகுதியிலேயே சிறுதாவூர் இருக்கிறது. அங்கே தொல்லியல் துறை பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்திருக்கிறது. அதே சிறுதாவூரில், நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம் கைமாறியது பற்றி விசாரிக்க 2006இல் நீதிபதி சிவசுப்பிரமணியன் ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு செத்தவருக்கு மண்ணில் இடம் இருந்ததற்குச் சான்று இருக்கிறது. நேற்று நிலம் பெற்றவருக்கு இடம் இருக்கிறதா என்று ஆணையம் போட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வரலாற்றுச் சுற்றுலா வரைபடத்தில் காரணையும் சிறுதாவூரும் இருக்க வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளமும் இருக்க வேண்டும். அதுவும் இந்த மாவட்டம்தான். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். நீங்கள் இன்று நடந்து வந்த சாலையும் வரலாற்றுச் சின்னம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுத்தவர் கதையைச் சோதிக்கும் அதே கண்டிப்பு நம் கதைக்கும் வேண்டும். நம் பக்கத்திலும் சிலர் பார்க்கும் கோயிலையெல்லாம் "இது புத்தர் கோயில்" என்று சொல்லிவிடுகிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நமக்குக் கொடுத்தது ஒரு பெரிய கேள்வி. அதற்கான விடையை ஊர் ஊராகச் சான்றுடன் நிறுவுவது நம் வேலை. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. அவர் எழுதிய 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வந்தது. எந்த ஊரில் எந்தச் சிலை, எந்த நூலில் எந்தக் குறிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதனால்தான் இன்றும் அந்த நூல் நிற்கிறது.

சான்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் சாட்சி. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலை புத்தர் சிலைதான் என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. அமர்ந்திருக்கும் முறை, கைகள், தலைமுடிச் சுருள் என்று சிலையின் இலக்கணத்தைப் பார்த்து, புத்தர்தான் என்று அறிக்கை வந்தது. 2022இல் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள உத்தரவிட்டது. முழக்கம் போட்டிருந்தால் கலவரம் ஆகியிருக்கும். அளந்து, பார்த்து, எழுதிக் கொடுத்ததால் தீர்ப்பு ஆனது.

சரி, நாளைக்கே தொடங்க என்ன செய்யலாம்? நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊரை நடந்து ஒரு படம் வரையுங்கள். ஊர் எங்கே, சேரி எங்கே? ஏரியும் மதகும் எங்கே? மழை வெள்ளம் முதலில் யார் தெருவில் நிற்கிறது? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் யாருக்குப் பக்கம்? சுடுகாடு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் போகும் பாதை யார் வயல் வழியாகப் போகிறது? இந்தப் படத்தை அந்தத் தஞ்சாவூர்க் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, முதியவர்களிடம் பேசுங்கள். வெட்டியான் வேலை, நீர்க்கட்டி வேலை பார்த்தவர்கள், நாற்று நட்ட பாட்டிகள். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்பார்கள். கூலி எத்தனை படி, எந்தக் கிணற்றில் தண்ணீர், டீக்கடையில் எங்கே உட்கார்ந்தீர்கள், செருப்பை எந்த இடத்தில் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். அப்போது பேசுவார்கள். அவர்கள் சம்மதத்துடன் குரலைப் பதிவு செய்யுங்கள். ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். கல்வெட்டு இன்னும் நூறு ஆண்டு இருக்கும், பாட்டி இருக்கமாட்டார்.

மூன்றாவது, தாலுக்கா அலுவலகம். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊரின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் கேளுங்கள். 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். பதிவேடு புதுப்பிப்புக்கு முன்பு ஒரு புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருந்தது, பின்பு என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பஞ்சமி நிலம் எந்தப் பக்கத்தில் காணாமல் போனது என்பது அங்கேதான் தெரியும். நகரத்தை ஒட்டிய கிராமங்களில் இதை இந்த ஆண்டே செய்யுங்கள். மனைப்பிரிவு போட்டு எல்லைக்கல் நட்ட பிறகு ஏரியும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது, டி.சி. நிலமும் தெரியாது.

நான்காவது, கல்வெட்டு. தொல்லெழுத்து கற்பது கடினமில்லை. ஆறு மாதம் பழகினால் சோழர் காலத் தமிழெழுத்து பிடிபட்டுவிடும். எழுத்து தெளியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசாதீர்கள். மாலை வெயில் சாய்ந்து விழும்போது போங்கள், அல்லது ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து எழுந்து நிற்கும். தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் ஊர்க் கல்வெட்டு அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாக ஏதாவது கிடைத்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதையெல்லாம் செய்தால் பெருமிதம் குறையுமோ என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். "எங்கள் பாட்டனும் அரசன்தான் என்று நாமும் சொல்லிக்கொண்டால் என்ன, அண்ணே?" என்றார். எனக்கு அரசன் வேண்டாம். ஏரி வெட்டியவர், மதகு திறந்தவர், எல்லை நடந்தவர், பாறையில் தன் பெயரை வெட்டியவர், காரணைக்காக மடிந்தவர். இவர்களைப் பாட்டன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அரசனைப் பாட்டனாக்கினால் அவன் கல்வெட்டில் எழுதிவைத்த தீண்டாச்சேரிக்கும் நாம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

உங்களில் பலர் கைபேசியில் நன்றாகப் படம் எடுப்பீர்கள், வரைபடம் போடுவீர்கள், ஆங்கிலமும் படிப்பீர்கள். எனக்கு முப்பது ஆண்டு பிடித்ததை நீங்கள் மூன்று ஆண்டில் முடிக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகச் சேர்ந்து உங்கள் சொந்த ஊரின் சுடுகாட்டுப் பாதையிலிருந்து தொடங்குங்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.